பங்க் மாற்றினால் மைலேஜ் மாறுமா? விளாங்குடி சாலையில் ஒரு கணக்கு

"அந்த பங்க்ல போடாதீங்க, ரெண்டு கிலோமீட்டர் கம்மியா குடுக்குது." மதுரையில் கார் வைத்திருப்பவர், பைக் வைத்திருப்பவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் என யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். ஒருவருக்கு ஒரு கம்பெனி ராசி. இன்னொருவருக்கு அதே கம்பெனிதான் எமன்.

ஆரப்பாளையத்தில் இருந்து விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று திண்டுக்கல் ரோட்டில் போனால் வழிநெடுக வெவ்வேறு நிறுவனங்களின் பங்க்குகள் வருகின்றன. (மதுரைக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் 'பல்க்' என்றுதான் சொல்வார்கள்.) விலையில் பைசா கணக்கில்தான் வித்தியாசம். அப்படியிருக்க, ஒன்றைத் தாண்டிப் போய் இன்னொன்றில் போடுவதால் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா?

2025 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு வேறு ஒரு சூடு ஏறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மைலேஜ் போச்சு என்று சமூக வலைதளங்களில் புகார்கள் குவிய, மத்திய பெட்ரோலிய அமைச்சகமே நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றம் வரைக்கும் விஷயம் போனது. "எந்த பங்க்?" என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தபோது, "எந்த பெட்ரோல்?" என்ற பெரிய கேள்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

போர்டுதான் வேறு, பெட்ரோல்?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்தியாவில் பத்தில் ஒன்பது பங்க்குகள் மூன்று பொதுத்துறை நிறுவனங்களுடையவை: இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம். மீதியில் ஜியோ-பிபி, நயாரா, ஷெல் போன்ற தனியார். யார் விற்றாலும் சாதாரண பெட்ரோல் ஒரே அரசுத் தர நிர்ணயத்துக்குள் இருந்தாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 தரம். கந்தகம் 10 லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, அடர்த்தி 15 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று விதிகள் கறாராகவே இருக்கின்றன.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு கம்பெனி பங்க்கில் விற்கும் பெட்ரோல், அந்தக் கம்பெனியின் ஆலையிலேயே தயாரானதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பெரிய சொந்த ஆலைகள் மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கு ஆலை கிடையாது. பாரத் பெட்ரோலியத்துக்குப் பக்கத்து ஆலை கொச்சி. இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான சென்னை பெட்ரோலியம் மணலியில் இருக்கிறது. சென்னையில் இருந்து திருச்சி வழியாக மதுரைக்கு இந்தியன் ஆயிலின் குழாய்ப் பாதையே வருகிறது. நிறுவனங்கள் தங்களுக்குள் சரக்கை மாற்றிக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரண நடைமுறை. ஒவ்வொரு லிட்டரையும் மும்பையில் இருந்தோ விசாகப்பட்டினத்தில் இருந்தோ சுமந்து வருவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆக, ராசியான கம்பெனியும் எமன் கம்பெனியும் ஒரே ஆலையின் பெட்ரோலை விற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு நிறையவே உண்டு.

அதற்காக எல்லா லிட்டரும் அச்சடித்த மாதிரி ஒன்று என்றும் சொல்ல முடியாது. அடர்த்திக்கு விதியே ஒரு அகலமான இடம் கொடுக்கிறது. ஒரு லோடு 740, அடுத்த லோடு 755 என்று வரலாம். இரண்டுமே சட்டப்படி சரியானவை. அடர்த்தி கூடினால் ஒரு லிட்டரில் அடங்கும் எரிபொருளின் எடை கூடுகிறது, அதோடு சக்தியும் ஓரளவு கூடுகிறது. இந்த வித்தியாசம் 2 சதவீதம் வரை போகலாம். ஆனால் இது பங்க்குக்குப் பங்க் வரும் வேறுபாடு அல்ல, லோடுக்கு லோடு வருவது. இன்று இங்கே கூடுதலாக இருப்பது அடுத்த வாரம் அங்கே இருக்கும். இதை நம்பி யாரும் ராசி பார்க்க முடியாது.

அசல் வில்லன் எத்தனாலா?

2014-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 1.5 சதவீதம்தான். 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் இ20 பெட்ரோலை பிரதமர் தொடங்கிவைத்தபோது, 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 84 பங்க்குகளில் மட்டுமே அது கிடைத்தது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025-லேயே எட்டப்பட்டது.

இந்த இரண்டரை வருட இடைவெளியைக் கவனியுங்கள். ஒரே ஊரில் ஒரு பங்க்கில் இ20, இன்னொரு பங்க்கில் அதைவிடக் குறைந்த கலவை என்று இருந்த காலம் அது. "பங்க் மாத்தினேன், மைலேஜ் மாறிடுச்சு" என்று அப்போது சொன்னவர்களைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. கம்பெனி காரணமில்லை, கலவை காரணம். ஆனால் மாறியது நிஜமாகவே மாறியிருக்கலாம்.

எவ்வளவு மாறும்? இது ரகசியமில்லை, பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலே கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-யில் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் சக்தி குறையும். 10 சதவீதக் கலவையில் இருந்து 20-க்குப் போனால் குறைவது மூன்றரை சதவீதம் மாதிரி.

நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் செயல்திட்ட அறிக்கையும் இதே வட்டத்துக்குள்தான் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும். அதே மாதிரியான இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம். 10 சதவீதத்துக்கு வடிவமைத்து 20-க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்.

2025 ஆகஸ்டில் அமைச்சகம் கொடுத்த விளக்கம், "பயங்கரமாகக் குறைகிறது என்பது தவறு, 1 முதல் 2 சதவீதம், மற்ற வாகனங்களில் 3 முதல் 6 சதவீதம்" என்ற வகையில் இருந்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5 என்பதால் இன்ஜின் நன்றாக இழுக்கும் என்றும் சொன்னது. அந்த உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும் விதத்தில் ட்யூன் செய்த புது இன்ஜினுக்கு அது சரி. 2016-ல் வாங்கிய காருக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் முன்கூட்டியே மாற்ற வேண்டிவரலாம் என்பதையும் அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

சதவீதத்தைப் பாக்கெட்டுக்குக் கொண்டுவருவோம். விளாங்குடியில் இருந்து தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு கார், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது, பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு சுமார் 6,670 ரூபாய். மைலேஜ் 6 சதவீதம் குறைந்தால் 14.1. மாதத்துக்குச் சுமார் 425 ரூபாய் கூடுதல், வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல். உணவு டெலிவரி செய்யும் இளைஞர் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், பைக் 50 தருகிறது என்றால், 4 சதவீதக் குறைவு அவருக்கு மாதம் 250 ரூபாய். ஒரு நாள் பெட்ரோல் காசுக்கும் மேலே.

இந்த 20 சதவீதத்துக்காக விலையில் ஏதாவது தள்ளுபடி உண்டா? கிடையாது. எத்தனாலின் சராசரி கொள்முதல் விலை, 2025 ஜூலை இறுதி நிலவரப்படி, போக்குவரத்தும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து லிட்டருக்கு 71.32 ரூபாய் என்றும், அது சுத்திகரித்த பெட்ரோலின் விலையைவிட அதிகம் என்றும் அமைச்சகம் சொன்னது. அதற்குப் பதிலாகக் காட்டப்படும் பலன்கள் நாட்டின் கணக்கில் வருபவை: 2014-15 முதல் 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்கு வருமானம், புகை குறைவு. அவை பொய்யில்லை. ஆனால் மிச்சம் ஒரு கணக்கிலும் செலவு வேறொரு கணக்கிலும் எழுதப்படுகிறது என்பதும் பொய்யில்லை.

பிரேசிலில் எத்தனால் கலவை நம்மைவிட அதிகம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 30 சதவீதம். ஆனால் அங்கே பங்க்கில் தனி எத்தனாலும், கலந்த பெட்ரோலும் தனித்தனி விலையில் கிடைக்கும். பெரும்பாலான கார்கள் எதைப் போட்டாலும் ஓடும். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று அங்கே வண்டி ஓட்டுபவர்கள் மனக்கணக்கிலேயே முடிவெடுப்பார்கள். தேர்வு என்றால் அது. இந்தியாவில் எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்க்குகளில் எத்தனால் அளவைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது.

எனவே இன்றைய தேதியில் விளாங்குடியில் எந்த பங்க்கில் நின்றாலும் சாதாரண பெட்ரோல் என்றால் ஏறக்குறைய அதே 20 சதவீதக் கலவைதான். இந்த விஷயத்தில் பங்க் மாற்றிப் பிரயோஜனமில்லை.

அப்போ எக்ஸ்ட்ரா காசு கொடுத்துப் போடலாமா?

எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர் என்று லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதலாக விற்பவை ஆக்டேன் எண்ணையோ, இன்ஜினைச் சுத்தம் செய்யும் சேர்மானத்தையோ வைத்து விற்கப்படுபவை. ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல. இன்ஜினுக்குள் நேரம் தப்பி வெடிக்காமல் தாங்கும் திறன். உங்கள் காரின் கையேடு அதைக் கேட்கவில்லை என்றால், கூடுதல் ஆக்டேனால் மைலேஜ் கூடாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ இதைச் சோதித்து, சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் பிரீமியம் போடுவது வீண்செலவு என்றே முடிவுக்கு வந்தது. பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட கார்களில்கூட மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. அங்கே ஏழெட்டு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது.

சேர்மான விஷயம் கொஞ்சம் வேறு. அதே சங்கம் 2016-ல் நடத்திய சோதனையில், சுத்தம் செய்யும் சேர்மானம் குறைவான பெட்ரோல்கள் இன்ஜினில் சராசரியாக 19 மடங்கு அதிகமாகக் கரிப்படிவை விட்டன. அது அமெரிக்க பெட்ரோல், நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் படிவு என்பது பல ஆயிரம் கிலோமீட்டரில் சேரும் சமாச்சாரம். ஒரு தடவை டேங்க் நிரப்பியதும் "வண்டி சும்மா பறக்குது" என்று தோன்றினால், அது பெரும்பாலும் கொடுத்த காசு பேசுவது.

எத்தனால் கலக்காத பெட்ரோல் வேண்டும் என்று எக்ஸ்பி100 தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் அறிமுகமான இது லிட்டர் சுமார் 160 ரூபாய், சில பங்க்குகளில் மட்டும் கிடைக்கும். 7 சதவீத மைலேஜுக்காக 60 சதவீதம் கூடுதல் விலை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பழைய பைக்குக்கு ஒரு வேளை அர்த்தம் இருக்கலாம். தினம் ஆபீஸ் போகிற காருக்கு இல்லை.

அளவில் கை வைத்தால்

பங்க்குக்குப் பங்க் உண்மையிலேயே மாறக்கூடியது தரத்தைவிட அளவுதான்.

5 லிட்டர் அளவையில் பிடித்துப் பார்த்தால் 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. அரை சதவீதம். 15 கிலோமீட்டர் தரும் காரில் இது 75 மீட்டர்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் டீலர் பக்கம் நின்று பாருங்கள். பெட்ரோலுக்கு அவருக்குக் கிடைக்கும் கமிஷன் லிட்டருக்குச் சுமார் 4 ரூபாய். 100 ரூபாய் பெட்ரோலில் அரை சதவீதம் என்பது 50 பைசா. விதி மீறாமலே, எப்போதும் குறைவான பக்கமாகவே மெஷினை வைத்திருந்தால் அவர் வருமானம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஆவியாகிப் போவதால் தங்களுக்கு நஷ்டம் என்று டீலர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனாலும் தப்பு செய்யத் தூண்டும் இடம் இதுதான்.

தூண்டுதல் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2017 ஏப்ரல் காட்டியது. உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை லக்னோ பங்க்குகளில் சோதனை நடத்தியபோது, மெஷினுக்குள் சிப் வைத்து, ரிமோட்டில் இயக்கி, 5 முதல் 10 சதவீதம் வரை குறைத்து ஊற்றியது தெரியவந்தது. அப்படிப்பட்ட பங்க்கில் 15 கிலோமீட்டர் கார், காகிதத்தில் 13.5 கிலோமீட்டர் காராக மாறிவிடும். வண்டியில் ஒரு குறையும் இருக்காது.

"நூறுக்குப் போடாத, நூத்திப் பத்துக்குப் போடு" என்ற நம் ஊர் வைத்தியம் இதற்கு உதவாது. சதவீதக் கணக்கில் திருடும் சிப்புக்கு நூறும் ஒன்றுதான், நூற்றிப் பத்தும் ஒன்றுதான். பூஜ்யத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் பூஜ்யத்தில் தொடங்கியும் ஏமாற்ற முடியும். அதைவிடப் பலமான ஆயுதம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் "அஞ்சு லிட்டர் அளவையில பிடிச்சுக் காட்டுங்க" என்று யாரும் கேட்கலாம். கேட்பவர்கள் மிகக் குறைவு. பின்னால் நிற்கும் பத்து வண்டிகளின் ஹாரன் அப்படி.

காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். பெட்ரோல் 10 டிகிரி சூடானால் சுமார் 1 சதவீதம் விரிவது நிஜம். ஆனால் அது இருப்பது நிலத்தடித் தொட்டியில். மதுரை வெயில் மேலே 40 டிகிரி அடித்தாலும், கீழே காலைக்கும் மதியத்துக்கும் பெரிய மாற்றம் இல்லை. அலாரம் வைத்து எழ வேண்டாம்.

தண்ணீரும் கலப்படமும்

தரத்தில் ஒரு பங்க் இன்னொன்றிடம் இருந்து நிஜமாக வேறுபடும் இடம், அந்தத் தொட்டியின் பராமரிப்பு. 2025 ஜூன் 26 இரவு, மத்தியப் பிரதேசம் ரத்லாமில் முதல்வர் மோகன் யாதவின் பயணத்துக்காக டீசல் நிரப்பிய 19 வாகனங்கள் வரிசையாக வழியிலேயே நின்றுபோயின. டீசலில் தண்ணீர். பங்க்குக்குச் சீல் வைக்கப்பட்டது. முதல்வர் கான்வாய் என்பதால் அன்று இரவே நடவடிக்கை. சாதாரண ஆள் என்றால் "உங்க வண்டியிலதான் ஏதோ பிரச்சினை" என்ற பதிலோடு திரும்பியிருப்பார்.

மதுரையிலும் இது யோசிக்க வேண்டிய விஷயம். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர் பகுதி தெருக்கள் எப்படி மூழ்கின என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தாழ்வான இடத்தில், சரியாக மூடாத தொட்டிக்குள் மழைநீர் இறங்குவதற்கு அதிகம் வேண்டியதில்லை. அதிலும் எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் கொண்டது. கொஞ்சம் என்றால் கலந்தே எரிந்துவிடும். ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். அது வண்டிக்குள் வந்தால் மைலேஜ் குறைவதோடு நிற்காது, வண்டியே நிற்கும். பெருமழைக்கு மறுநாள், தண்ணீர் தேங்கிய பங்க்கைத் தவிர்ப்பது மூடநம்பிக்கை இல்லை. அதேபோல், வியாபாரம் அதிகம் நடக்கும் பங்க்கில் சரக்கு தேங்குவதில்லை என்பதும் நியாயமான காரணம்.

மண்ணெண்ணெய் கலப்படம் ஒரு காலத்தில் உயிர் குடித்த தொழில். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், கலப்பட பங்க்குக்குச் சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவானே எரித்துக் கொல்லப்பட்டார். மானிய மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததே அந்தத் தொழிலின் மூலதனம். மானியம் படிப்படியாகக் குறைந்து 2020-ல் இல்லாமலே போனதும் அந்த லாபம் கரைந்துவிட்டது. கலப்படம் அடியோடு ஒழிந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒவ்வொரு மைலேஜ் குறைவுக்கும் மண்ணெண்ணெயைக் குற்றம் சொல்லும் காலம் போய்விட்டது.

பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை இலவசம். ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியையும் ஹைட்ரோமீட்டரில் காட்டச் சொல்லலாம். லோடு வந்தபோது பதிவான அளவுக்கும் இப்போதைக்கும் 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்கலாம்.

சரி, எனக்கு நிஜமாவே குறையுதே?

குறைவதாகத் தெரிவதற்கும் குறைவதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. நாம் மைலேஜ் பார்க்கும் முறை அப்படி. ஃபுல் டேங்க் போட்டு, 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஃபுல் செய்கிறோம். 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15. ஆனால் இந்த பங்க்கின் நாசில் அரை லிட்டர் முன்னாலேயே 'டக்' என்று நின்றுவிட்டால் 19.5 லிட்டர், மைலேஜ் 15.4. வேறொரு பங்க்கில் தரை சற்றுச் சாய்வாக இருந்து, பையன் 'ரவுண்டா' ஆக்குகிறேன் என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் 20.5 லிட்டர், மைலேஜ் 14.6. பெட்ரோலில் ஒரு துளி வித்தியாசம் இல்லாமல், முக்கால் கிலோமீட்டர் காணாமல் போனது. டேங்க் நிரப்பாமல் 500 ரூபாய்க்குப் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சாலையும் சேர்கிறது. விளாங்குடியில் இருந்து சமயநல்லூர் போய் நான்குவழிச் சாலையில் திண்டுக்கல் வரை போவது சுமார் 60 கிலோமீட்டர், டாப் கியரில் ஒரே சீரான ஓட்டம். அதே கார் காலை ஒன்பது மணிக்கு ஆரப்பாளையம் வழியாகப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் முதல் கியர், இரண்டாவது கியர், ஏ.சி. முழுசாக. ஒரு வாரம் திண்டுக்கல் போய்வந்த டேங்க்கையும், அடுத்த வாரம் டவுனுக்குள் அலைந்த டேங்க்கையும் ஒப்பிட்டுவிட்டு, நடுவில் மாறிய பங்க்கைப் பிடித்துத் திட்டுகிறோம். டிராஃபிக்கில் அதிரடியாக ஓட்டுவதால் மட்டும் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எத்தனாலின் 6 சதவீதம் அதற்குப் பக்கத்தில் சின்னதுதான். டயர் காற்றும் இதில் சேர்த்திதான். பலரும் சர்வீஸுக்கு விடும்போது மட்டும் பார்ப்பது.

சந்தேகத்தை ஓரளவு தீர்க்க ஒரு வழி உண்டு. இப்போதைய கார்களில் டேஷ்போர்டிலேயே சராசரி மைலேஜ் தெரியும். அந்த எண், இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோலைத் தெளித்தது என்பதை வைத்து வருவது. பங்க்கில் எவ்வளவு ஊற்றினார்கள் என்பது அதற்குத் தெரியாது. அது கொஞ்சம் கூட்டிக் காட்டும் பழக்கம் உள்ளது, பரவாயில்லை. உங்கள் ஃபுல் டேங்க் கணக்குக்கும் அதற்கும் வழக்கமாக எவ்வளவு இடைவெளி என்று நாலைந்து தடவை குறித்து வையுங்கள்.

பிறகு ஒரு குறிப்பிட்ட பங்க்கில் போடும்போதெல்லாம் டேஷ்போர்டு 15 என்றே சொல்ல, பில்லை வைத்துப் போடும் கணக்கு மட்டும் 13.5-க்கு இறங்கினால், பிரச்சினை பெட்ரோலில் இல்லை, அளவில். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் காரணம் வேறு: எத்தனால், டிராஃபிக், டயர், அல்லது சர்வீஸ் பார்க்க வேண்டிய வண்டி. முதல் நாசில் கட்-ஆஃப் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், முடிந்தால் அதே வழித்தடத்தில் ஓட்ட வேண்டும், குறைந்தது மூன்று ஃபுல் டேங்க் பார்க்க வேண்டும். ஒரு டேங்க் கணக்கு எதையும் நிரூபிக்காது.

மூன்று டேங்க்கிலும் அளவு உதைத்தால், அடுத்த முறை அதே பங்க்கில் 5 லிட்டர் அளவையைக் கேளுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த எண்ணெய் நிறுவனத்துக்கும், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் போனால் எதுவும் நடக்காது, "பில் வேணுமா சார்?" என்று கேட்கும்போது வேண்டும் என்று சொல்லிப் பழக வேண்டியிருக்கும்.